அஞ்சல் பெட்டியில் சங்கத்தின் சின்னம்

ஒரு சங்கத்துக்கு ஆய்வுக்குச் செல்லும்போது நான் முதலில் கேட்பவை மூன்று: நடவடிக்கைக் குறிப்பேடு, ரொக்கக் கையிருப்பு, சங்கத்தின் முத்திரை. முத்திரை எந்தச் சங்கத்திலும் மேசைமேல் கிடப்பதில்லை. இரும்புப் பெட்டியில் பூட்டியிருக்கும். சாவி மேலாளரிடம் இருக்கும். தலைவரே வந்து கேட்டாலும், எதற்கு என்று ஒரு வார்த்தை விசாரித்த பிறகே எடுத்துக் கொடுப்பார்கள். இது நல்ல வழக்கம். ஆனால் அதே சங்கத்தின் பெயரால் நாள்தோறும் பத்தும் இருபதுமாக மின்னஞ்சல்கள் வெளியே போகின்றன. அந்தப் பெயரை எவன் வேண்டுமானாலும் எடுத்துக் கையாளும்படி திறந்து போட்டிருக்கிறோம் என்பதை எத்தனை நிர்வாகக் குழுக்கள் அறிந்திருக்கின்றன என்று கேட்டால், மிகச் சிலவே என்றுதான் சொல்ல வேண்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. என் சரகத்துச் சங்கங்கள் சிலவற்றுக்கு அண்மையில் கணினித் துறை முகவர்கள் வந்து போயிருக்கின்றனர். "உங்கள் சங்கத்திலிருந்து செல்லும் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் பக்கத்தில், வாங்குவோரின் பெட்டியிலேயே, உங்கள் சின்னம் தெரியும்படி செய்து தருகிறோம்" என்பது அவர்கள் சொல்வது. கேட்ட தொகை சிறியதன்று. ஒரு நெசவாளர் சங்கமும் ஒரு மஞ்சள் விளைவிப்போர் சங்கமும் என் கருத்தைக் கேட்டன. தனித்தனியே பதில் எழுதுவதினும், எல்லோரும் படிக்கும் இப்பத்திரிகையில் எழுதுவது நலம் என்று கருதினேன்.

முகவர்கள் சொல்வது பொய்யன்று. மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு கடிதத்தின் இடப்புறத்திலும் ஒரு சிறு வட்டம் இருப்பதை அன்பர்கள் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் அதில் அனுப்பியவர் பெயரின் முதலெழுத்து மட்டும் ஏதாவதொரு நிறத்தில் நிற்கும். அவ்விடத்தில் அனுப்பும் நிறுவனத்தின் சின்னத்தைக் காட்டுவதற்கென்று ஓர் ஏற்பாடு வகுக்கப்பட்டிருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி 'பிமி' என்கின்றனர். கூகுள் நிறுவனம் 2020இல் இதைச் சோதனையாகத் தொடங்கி, 2021 ஜூலையில் ஜிமெயிலில் எல்லோர்க்கும் திறந்துவிட்டது. யாஹூ அதற்கும் முன்பே சோதிக்கத் தொடங்கியது. ஆப்பிள் நிறுவனத்தின் அஞ்சற் செயலியில் இது 2022 இலையுதிர் காலத்தில் வந்தது. நம் சேலையை வாங்கும் கடைக்காரரும் நம் மஞ்சளை வாங்கும் ஏற்றுமதியாளரும் பெரும்பாலும் இவற்றில் ஒன்றைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். ஆகவே சின்னம் தெரிவது நன்மையே. ஆனால் முகவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. சின்னம் இதில் கடைசிப் படி. அதற்கு முன்னுள்ள படிகளைக் கட்டாமல் அங்கே ஏற முடியாது. அந்த முன்படிகள்தாம் நமக்கு மிகத் தேவை. அவற்றுக்குச் செலவும் மிகக் குறைவு.

என் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பட்டு நெசவாளர் சங்கம், பெயர் வேண்டாம். வடநாட்டு வியாபாரி ஒருவர் பல ஆண்டுகளாக அவர்களிடம் சரக்கு எடுப்பவர். ஒரு தீபாவளிக்கு முன் அவருக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் போயிற்று. தணிக்கை காரணமாக வங்கிக் கணக்கு மாற்றப்பட்டிருக்கிறது, முன்பணத்தைப் புதிய கணக்கில் செலுத்தவும் என்று அதில் இருந்தது. அனுப்பிய முகவரி ஓரெழுத்தும் பிசகாமல் சங்கத்தின் முகவரியே. வியாபாரி பணத்தைச் செலுத்திவிட்டார். சங்கத்துக்கு ஒரு பைசா வரவில்லை. "நான் கொடுத்துவிட்டேன்" என்பார் அவர்; "எங்களுக்கு வரவில்லை" என்பார்கள் இவர்கள். இருவரும் சொன்னது உண்மை. நெய்து முடித்த சேலைகள் கிடங்கில் இருந்தன; பண்டிகைக்கு முன் பட்டுவாடா ஆக வேண்டிய கூலி ஒன்றரை மாதம் தள்ளிப்போயிற்று. தறிக்காரர்கள் சங்க வாசலில் வந்து நின்றபோது மேலாளர் அவர்களுக்கு இதை விளங்க வைக்கப் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். "எங்க பேர்ல யாரோ கடுதாசி போட்டா அதுக்கு நாங்க எப்படிங்க பொறுப்பு?" என்று அவர் என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இன்று இருக்கிறது, அது அவருக்கு உவப்பானதாக இராது.

மின்னஞ்சலில் அனுப்புநர் முகவரி என்பது உறையின்மேல் கையால் எழுதும் முகவரியைப் போன்றது. எவரும் எதையும் எழுதலாம். இதைத் தடுக்க மூன்று ஏற்பாடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. முதலாவது எஸ்.பி.எஃப். நம் பெயரால் கடிதம் கொண்டு செல்ல இன்னின்ன அஞ்சற் கணினிகளுக்கே உரிமை உண்டு என்று நாம் வெளியிடும் பட்டியல் அது. இரண்டாவது டிகிம். ஒவ்வொரு கடிதத்தின்மேலும் பிறர் போட முடியாத ஓர் அரக்கு முத்திரை என்று அதைக் கொள்ளலாம். மூன்றாவது டிமார்க். இவ்விரண்டில் ஒன்றேனும் அனுப்புநர் முகவரியில் காணும் பெயரோடு பொருந்தாவிட்டால் பெறுபவர் அக்கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று நாம் சொல்லி வைக்கும் கட்டளை. கட்டளை மூவகை: ஒன்றும் செய்ய வேண்டாம், தனியே ஒதுக்கி வை, உள்ளே விடாதே. இம்மூன்று ஏற்பாடுகளும் நம் இணையப் பெயரின் பதிவேட்டில், அதாவது டி.என்.எஸ். என்பதில், சில வரிகளாக எழுதப்படுகின்றன. அவ்வரிகளை எழுதக் கட்டணம் கிடையாது. மேற்சொன்ன சங்கத்தில் மூன்றாவது வரி எழுதப்படவேயில்லை. எழுதி, 'உள்ளே விடாதே' என்று சொல்லியிருந்தால், அவ்வரியை மதிக்கும் அஞ்சல் நிலையம் எதுவும் அந்தப் போலிக் கடிதத்தை வியாபாரியின் பெட்டியில் சேர்த்திராது.

2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்கு மேல் ஜிமெயில் பெட்டிகளுக்கு அஞ்சல் அனுப்புவோர் இம்மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் விதித்துவிட்டது. பெருந்தொகையாக அனுப்புவோர்க்கு யாஹூவும் அவ்வாறே விதித்தது. நம் தொடக்கச் சங்கங்கள் அவ்வளவு அனுப்புவதில்லை. ஆகவே விதி நம்மைத் தொடவில்லை என்று இருந்துவிடுகிறோம்.

சின்னம் தெரிய வேண்டுமானால் டிமார்க் கட்டளை இரண்டாவது வகையாகவோ மூன்றாவது வகையாகவோ இருக்க வேண்டும். எல்லாக் கடிதங்களுக்கும் முழுமையாகப் பொருந்த வேண்டும். 'ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று நிறுத்தியிருக்கும் சங்கத்துக்குச் சின்னம் தெரியாது. இந்நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பூட்டுப் போடாத கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது என்று சொல்வதற்கு ஒப்பானது இது. ஆனால் பூட்டை முதல் நாளே போட்டுவிடவும் கூடாது. ஒரு சங்கம் ஆர்வத்தால் முதல் நாளே 'உள்ளே விடாதே' என்று எழுதிவிட்டது. அவர்களுடைய பில்களை வெளி நிறுவனத்து மென்பொருள் ஒன்று சங்கத்தின் பெயரால் அனுப்பிக்கொண்டிருந்ததை எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த மாதத்து பில்கள் பலருக்குப் போய்ச் சேரவேயில்லை. முதலில் 'ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று எழுதி, பெறுநர்களிடமிருந்து வரும் அறிக்கைகளைச் சில வாரங்கள் படித்து, நம் பெயரால் யார் யார் அனுப்புகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, நம்மவர்களை எல்லாம் பட்டியலில் சேர்த்த பிறகே இறுக்க வேண்டும்.

நிற்க. சின்னத்தின் கோப்புக்கு வருவோம். முகவரிடம் விட்டுவிடலாம் என்று சங்கங்கள் எண்ணுவது இதைத்தான். நாமே செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் இதையே.

எம்மிடம் சின்னம் இருக்கிறதே என்பார்கள். இருப்பது என்ன? கடிதத்தாளில் அச்சான ஒரு படம். அல்லது பெயர்ப் பலகையைக் கைப்பேசியால் எடுத்த புகைப்படம். மூலப் படம் எங்கே என்றால், அச்சகத்தாரிடம் இருந்தது, அவர் கடையை மூடிவிட்டார் என்று பதில் வரும். நான் விசாரித்தவற்றில் பாதிக்கு மேற்பட்ட சங்கங்களின் நிலை இது. புகைப்படம் இவ்வேலைக்கு உதவாது. கோப்பு எஸ்.வி.ஜி. என்ற வகையில், அதிலும் 'டைனி பி.எஸ்.' என்ற கட்டுப்பாடான உட்பிரிவில் இருக்க வேண்டும். இதன் வேறுபாட்டை நம் உழவர்கள் எளிதில் அறிவார்கள். நிலத்தைப் புகைப்படம் எடுப்பது ஒன்று. புல அளவுப் படம் வரைவது மற்றொன்று. புகைப்படத்தைப் பெரிதாக்கினால் மங்கும். புல அளவுப் படத்தில் இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்லுக்கு இத்தனை தூரம் என்ற அளவுகளே இருப்பதால், எந்த அளவிலும் அதைத் திரும்ப வரைந்துகொள்ளலாம். எஸ்.வி.ஜி. என்பது புல அளவுப் படத்தின் இனம். இங்கிருந்து அங்கே கோடு, அங்கிருந்து இப்படி வளைவு, உள்ளே இந்த நிறம் என்று எழுத்தில் எழுதிய கட்டளைகளே அக்கோப்பு. பழைய ஜே.பி.ஜி. படத்தை எடுத்து எஸ்.வி.ஜி. உறைக்குள் போட்டுக் கொடுக்கும் தந்திரம் ஒன்று உண்டு. பெயர் மாறும், பொருள் மாறாது. அஞ்சல் நிலையங்கள் அதை ஏற்பதில்லை. மென்பொருளைக் கொண்டு முத்திரையின் பதிவைத் தானாகவே கோடுகளாக மாற்றுவதும் நல்லதன்று. மையின் ஒவ்வொரு கசிவையும் அது ஒரு வளைவாக எழுதிவைக்கும். 32 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும் என்று சொல்லப்படும் கோப்பு அதனைப் போல் பல மடங்காக வீங்கும்.

எனவே திரும்ப வரைய வேண்டும். எப்படி வரைவது என்பதை நான் ஒரு கணினி வல்லுநரிடம் கற்கவில்லை. முன்னே சொன்ன பட்டுச் சங்கத்தில் ஜக்கார்டுக்கு டிசைன் எழுதும் முதியவர் ஒருவரிடம் கற்றேன். சங்கத்தின் சின்னத்தில் தோகை விரித்த மயில். அதைச் சுற்றி வட்டமாகச் சங்கத்தின் முழுப்பெயர், பதிவெண், ஊர். அவரிடம் காட்டி, இது ஒரு கட்டைவிரல் நகத்தளவில் தெரிய வேண்டும் ஐயா என்றேன். தாளைக் கையில் வாங்கிச் சிறிது நேரம் பார்த்தார். "இது முந்தியில வர்ற மயிலுங்க சார். நீங்க புட்டா கேக்கறீங்க. முந்தி மயிலைச் சின்னதாக்கினா புட்டா மயில் ஆகாதுங்க. புட்டாவுக்கு வேற மயில் எழுதணும்" என்றார். பிறகு கிராப் தாளை எடுத்து இருபத்துநான்குக்கு இருபத்துநான்கு கட்டம் குறித்து, அதற்குள் கழுத்து, கொண்டை, மூன்றே மூன்று தோகைக் கண்கள் என்று எழுதினார். கால்களை விட்டுவிட்டார். கால் இல்லாமல் மயிலா என்றேன். "தறியிலயும் அந்த அளவுக்குக் கால் நிக்காதுங்க" என்றார்.

பாவும் ஊடையும் குறுக்கிடும் கட்டங்களில் எது நிற்கும், எது கலைந்துபோகும் என்பதை ஐம்பது ஆண்டுகளாகப் பார்த்த கண் அது. கணினித் திரையும் அவ்வாறே கட்டங்களால் ஆனது. அவர் எழுதிய உருவத்தைப் பார்த்து ஒரு கல்லூரி மாணவர் கோடுகளாலும் வளைவுகளாலும் கோப்பை வரைந்து கொடுத்தார். வரைந்த கோப்பு ஆறு கிலோபைட்டுக்குள் அடங்கிற்று. நம் சங்கங்களுக்குள்ளேயே இத்தகைய கைகள் இருக்க, ஒரு நகரத்து நிறுவனத்துக்குச் சின்னத்தை அனுப்பி, அவர்கள் அனுப்பும் எதையும் ஏற்றுக்கொள்வது ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை.

வேறு சில குறிப்புகளையும் சொல்லிவிடுகிறேன். படம் சதுரமாக இருக்க வேண்டும். ஆனால் பெட்டியில் வட்டமாக வெட்டியே பெரும்பாலும் காட்டுவார்கள். சதுரத்தின் நான்கு மூலைகளும் போய்விடும். சதுரத்தின் பக்கம் நூறு என்றால், அதற்குள் அடங்கும் வட்டத்துக்குள் எழுபதுக்கு எழுபது அளவுள்ள சதுரமே தப்பும். முக்கியமான உருவம் அதற்குள் நடுவில் நிற்கட்டும். விளிம்பைச் சுற்றி எழுதிய பெயர் எவ்வாறாயினும் படிக்கப்படாது. பின்புலத்தை வெறுமையாக விடாமல் ஒரே நிறத்தால் நிரப்ப வேண்டும். இக்காலத்தில் பலர் கைப்பேசித் திரையைக் கறுப்பாக வைத்துக்கொள்கிறார்கள். கறுப்புக் கோட்டால் வரைந்து பின்புலம் இல்லாமல் விட்ட சின்னம் அங்கே காணாமற்போகும். நிழல், மங்கல், அசைவு முதலியவை வேண்டாம். வெளியிடத்திலிருந்து எதையும் இழுத்துவரும் இணைப்பு கோப்புக்குள் இருக்கலாகாது. ஆபத்தான நிரல் எதுவும் சின்னத்தின் வழியாக உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த உட்பிரிவை வகுத்தார்கள்.

தமிழ் எழுத்து உள்ள சின்னங்களுக்குத் தனியே ஓர் எச்சரிக்கை. ஒருங்குறி வருமுன் வழங்கிய எழுத்துருக்களில் அமைத்த பெயர்கள் வேறு கணினியில் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகச் சிதறுவதை நாம் அலுவலகங்களில் கண்டிருக்கிறோம். எழுத்தை எழுத்தாகவே விடாமல் கோட்டுருவமாக மாற்றிவிட வேண்டும். ஒரே ஓர் எழுத்தை வைத்துக்கொண்டாலும் போதும்.

வரைந்து முடித்த கோப்பைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து பார்க்கலாம். வரைகலை மென்பொருள்கள் இதனை 'டைனி' என்ற பிரிவாகச் சேமித்துத் தரும். முதல் வரியில் அதை 'டைனி பி.எஸ்.' என்று கையால் திருத்த வேண்டும். பதிப்பு 1.2 என்று இருக்கிறதா பார்க்க வேண்டும். அவ்வரியில் எக்ஸ், ஒய் என்ற இட அளவுகள் இருந்தால் நீக்க வேண்டும். 'டைட்டில்' என்ற பகுதியில் சங்கத்தின் பெயரை எழுத வேண்டும். அது இல்லாத கோப்பு செல்லாது. இவ்வளவையும் ஒரு சங்கத்து எழுத்தர் அரை மணி நேரத்தில் செய்ததைப் பார்த்தேன். பிறகு கோப்பைப் பாதுகாப்பான இணைய முகவரி ஒன்றில் வைத்து, அவ்விடத்தைக் காட்டும் ஒரு வரியை மேற்சொன்ன டி.என்.எஸ். பதிவேட்டில் சேர்த்தால் கோப்பின் வேலை முடிந்தது.

உழவர் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. என்னிடம் கருத்துக் கேட்ட மஞ்சள் சங்கத்தின் சின்னத்தில் ஓர் உழவர், இரண்டு எருதுகள், ஒரு கலப்பை, தென்னை மரம், பின்னால் மலை, மலையிலிருந்து இறங்கும் ஆறு, ஆற்றின் கரையில் மஞ்சள் செடி ஆகிய அனைத்தும் இருந்தன. அது சின்னமன்று, கிராமம். நகத்தளவில் ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரிந்தது. ஒரு மஞ்சள் கிழங்கு போதாதா என்று கேட்டேன். எருதை விட நிர்வாகக் குழுவில் இருவருக்கு மனமில்லை. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் வண்ணத்துப்பூச்சியை நினைத்துப் பார்க்கும்படி சொன்னேன். கடைப் பலகையிலும் அதுவே, துணியில் தொங்கும் சீட்டிலும் அதுவே. தூரத்திலிருந்து எழுத்தறியாதாரும் அதை அறிவர்.

சிலர் சுலப வழியாக, கைத்தறி முத்திரையையோ பட்டு முத்திரையையோ சங்கத்தின் சின்னமாக வைத்துவிடலாமா என்று கேட்கின்றனர். கூடாது. அவை சரக்கின் தன்மைக்குச் சான்று கூறுவதற்காக வேறு அமைப்புகள் நடத்துபவை. அனுமதி பெற்றுத் துணியில் இடலாமேயன்றி, நம்முடைய முகமாக வைத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

இனிச் சான்றிதழ். செலவு வருவது இங்கேதான். யாஹூ சான்றிதழ் இல்லாமலும் சின்னத்தைக் காட்டுகிறது. ஆனால் நற்பெயரோடு பெருந்தொகையாக அனுப்புவோர்க்கே அந்தச் சலுகை. ஜிமெயிலும் ஆப்பிளும் சான்றிதழ் கேட்கின்றன. முதல் வகைச் சான்றுக்குச் சின்னம் வணிகக் குறியாகப் பதிவாகியிருக்க வேண்டும். ஏற்கப்படும் பதிவு அலுவலகங்களுள் இந்தியாவுடையதும் ஒன்று. இச்சான்று உடையோர்க்கு 2023 மே முதல் ஜிமெயிலில் நீல நிறச் சரிக் குறியும் தோன்றுகிறது. பதிவு இல்லாதார்க்கென்று இரண்டாம் வகைச் சான்று ஒன்றை 2024 செப்டம்பரில் ஜிமெயில் ஏற்றுக்கொண்டது; சின்னத்தைப் பன்னிரண்டு மாதங்களாவது வெளிப்படையாகப் பயன்படுத்தி வந்திருப்பதைக் காட்டினால் போதும்; நீலக் குறி மட்டும் வராது. முதல் வகைக்கு ஆண்டொன்றுக்கு ஆயிரம் டாலரும் அதற்கு மேலும் ஆகிறது. அதாவது ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாய். ஆண்டுதோறும்.

சான்றிதழ் வாங்கத் துணிகிற சங்கங்களும் வரிசையை மாற்றிவிடுகின்றன என்பதே என் கவலை. சான்றிதழில் சின்னத்தின் உருவம் உள்ளேயே பதிக்கப்படுகிறது. அது பதிவான வணிகக் குறியோடு ஒத்திருக்க வேண்டும். வணிகக் குறியைப் பதிந்த பின், அதன் அடையாளத்தைக் கணிசமாகப் பாதிக்காத மாற்றத்தையே 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே எருதும் ஆறும் உள்ள படத்தை முதலில் பதிந்துவிட்டு, பிறகு அஞ்சல் பெட்டிக்காக ஒரு கிழங்காகச் சுருக்கினால், சான்றிதழ் கிடைக்காது. புதிதாகப் பதிய வேண்டும். முதலில் புட்டாவை எழுதுங்கள். அது நகத்தளவில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு அதையே பதியுங்கள். நெசவுத் துணிக்கு 24ஆம் வகுப்பு, உடைகளுக்கு 25ஆம் வகுப்பு. இணைய வழி விண்ணப்பத்துக்கு ஒரு வகுப்புக்குக் கட்டணம் 9,000 ரூபாய், சிறு நிறுவனம் என்ற தகுதி உடையோர்க்கு 4,500 ரூபாய். நிறத்தைக் குறிப்பிட்டு வரையறுக்காமல் பதிந்த குறி எல்லா நிறங்களுக்கும் பதிந்ததாகவே கொள்ளப்படும். விண்ணப்பம் இதழில் வெளியான பின் எதிர்ப்புக்கு நான்கு மாதக் கெடு உண்டு. பதிவானால் பத்தாண்டு செல்லும். சான்றிதழ் வாங்காவிட்டாலும் இப்பதிவு வீண்போகாது. சங்கத்தின் மயிலை இன்னொருவர் விசைத்தறித் துணியில் ஒட்டினால் வழக்காட அது உதவும்.

ஒரு தொடக்கச் சங்கம் தனியே லட்ச ரூபாய் செலவிட்டுச் சான்றிதழ் வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. தணிக்கையில் அச்செலவு கேள்விக்குள்ளானால், அதற்கு ஆதரவாக என்னால் ஒரு வரியும் எழுத இயலாது. அத்தொகையில் எத்தனை தறிக்குப் பாவு நூல் வாங்கலாம் என்று அங்கத்தினர் கேட்டால் நிர்வாகக் குழு என்ன சொல்லும்? சின்னம் தெரிவதால் எல்லாப் போலியும் ஒழிந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். நம் இணையப் பெயரில் ஓரெழுத்தை மாற்றி, அதைப் போன்ற வேறு பெயரை ஒருவன் வாங்கி எழுதினால், மேற்சொன்ன மூன்று ஏற்பாடுகளும் அதைத் தடுக்கமாட்டா. வழக்கமாகக் காணும் மயில் இன்று காணோமே என்று வாங்குபவர் ஒரு கணம் தயங்குவார். சின்னத்தின் பயன் அந்தத் தயக்கம்தான். வங்கிக் கணக்கு மாற்றம் எதுவானாலும் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யாமல் பணம் அனுப்ப வேண்டாம் என்று ஒவ்வொரு பில்லின் அடியிலும் அச்சிடுவது இதனினும் பெரிய காவல், காசும் செலவில்லை.

ஆனால் பல சங்கங்கள் சேர்ந்து செய்தால் கணக்கு வேறாகிறது. ஓர் இணைப்புச் சங்கமோ மாவட்ட ஒன்றியமோ ஒரே இணையப் பெயரை எடுத்து, அதன்கீழ் ஒவ்வொரு தொடக்கச் சங்கத்துக்கும் ஒரு கிளைப் பெயரைக் கொடுக்கலாம். தலைப் பெயருக்கு எழுதிய சின்ன வரியும், அதற்கு எடுத்த சான்றிதழும் கிளைப் பெயர்களுக்கும் பயன்படும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: டிமார்க்கில் கிளைப் பெயர்களுக்கென்று தனிக் கட்டளை எழுதும் இடத்தில் 'ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று இருந்துவிடக் கூடாது. நாற்பது சங்கங்கள் சேர்ந்தால் ஒரு சங்கத்தின் பங்கு ஆண்டுக்கு இரண்டாயிரத்தைந்நூறு ரூபாய் அளவில் வரும். இன்று பல சங்கங்கள் ஜிமெயில் முகவரியையே வைத்துக்கொண்டிருக்கின்றன. அம்முகவரியின் பதிவேட்டில் நாம் ஒரு வரியும் எழுத முடியாது, சின்னமும் வைக்க முடியாது. சொந்தப் பெயர் வைத்திருக்கும் சங்கங்களிலோ, பெயரை வாங்கிக் கொடுத்த முகவர் அதைத் தம் பெயரிலேயே பதிந்து வைத்திருப்பதை இருமுறை கண்டேன். சங்கத்தின் கட்டடத்தை மேஸ்திரி பெயரில் பதிவு செய்வோமா? இணையப் பெயர் யார் பெயரில் இருக்கிறது, அடுத்த புதுப்பிப்புத் தேதி எது, சின்னத்தின் மூலக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் தளவாடப் பதிவேட்டில் எழுதி வைக்கும்படி என் ஆய்வுக் குறிப்புகளில் இவ்வாண்டு முதல் எழுதி வருகிறேன்.

ஒன்றியத்தின் பொதுச் சின்னம் வந்தால் தங்கள் மயில் மறைந்துபோகும் என்று பட்டுச் சங்கத்தார் அஞ்சுகின்றனர். கிளைப் பெயருக்குத் தனி வரி எழுதித் தனிச் சின்னம் வைக்கவும் ஏற்பாட்டில் இடமுண்டு. ஆனால் ஜிமெயிலில் அது தெரிய வேண்டுமானால் அதற்குத் தனிச் சான்றிதழ் எடுத்தாக வேண்டும். பொதுச் சின்னமா, தனிச் சின்னமா என்பதை ஆய்வாளன் முடிவு செய்ய முடியாது. ஒன்றியத்தின் பொதுக்குழு கூடிப் பேச வேண்டிய விஷயம் அது. பூட்டைப் போடுவதற்கோ பொதுக்குழு தேவையில்லை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருளாக அதைச் சேர்க்கலாம்.